வியத்தல் வேறு, கூடி மகிழ்தல் வேறு

மனிதரை நாம் இரு வகையில் நெஞ்சில் ஏற்றுக்கொள்கிறோம். சிலரைக் கண்டு வியக்கிறோம். சிலரோடு கூடியிருந்து மகிழ்கிறோம். இவ்விரண்டும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். உயர்ந்தவர் எவரோ அவரோடு இருப்பதே இன்பம் என்றும், எவரோடு இருப்பது இன்பமோ அவர் உயர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றும் கருதுகின்றனர். வாழ்க்கையோ அவ்வாறு அமைவதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமையால் எமது வீடுகளிலும், இந்தத் தமிழ்ப் பாடசாலையிலும், ஏன், எமது மொழியின் எதிர்காலத்திலும் ஓர் இடர் விளைகின்றது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈழத்தில் ஆசிரியப் பணி புரிந்த எவரும் அறிந்த காட்சி ஒன்றுண்டு. வாத்தியார் ஒழுங்கையால் வருகின்றார் என்றால், துவிச்சக்கரவண்டியில் வந்த மாணவன் இறங்கி நிற்பான். மதவடியில் இருந்த இளைஞர் எழுந்து, மடித்துக் கட்டிய சாரத்தை அவிழ்த்துவிடுவர். அது மதிப்பு, ஐயமில்லை. ஆனால் வாத்தியார் கடந்து போகும்வரை அங்கே பேச்சு நின்றுவிடும். அவர் போனபின்தான் சிரிப்பு மீண்டும் எழும். அதே ஒழுங்கையின் முடிவில் கச்சான் விற்கும் ஆச்சி ஒருவர் இருப்பார். எழுத வாசிக்கத் தெரியாதவர். அவரை எவரும் எழுந்து நின்று வரவேற்பதில்லை. எனினும் பாடசாலை விட்டதும் பிள்ளைகள் ஓடிச் சென்று சூழ்ந்துகொள்வது அவரைத்தான். கச்சான் வாங்கக் காசில்லாத பிள்ளையும் அங்கே நிற்கும். வாத்தியாரை ஊர் வியந்தது. ஆச்சியோடு ஊர் கூடியிருந்தது. இருவரும் ஊருக்கு வேண்டியவர்களே. ஆனால் இருவருக்கும் ஊர் கொடுத்தது வெவ்வேறு பொருள்.

இந்த வேறுபாட்டின் வேர் யாது? வியப்புக்குத் தூரம் வேண்டும். மலையின் உயரத்தைக் காண்பதற்கு மலையை விட்டுச் சற்று விலகி நிற்க வேண்டியுள்ளது. ஒருவருடைய புலமை, வீரம், தியாகம், உழைப்பு ஆகியவை தொலைவிலிருந்தும் தெரியும். அவர் மறைந்து ஆயிரம் ஆண்டு கழிந்தபின்னும் தெரியும். கூடி மகிழ்தலோ அருகாமையில் மட்டுமே பிறப்பது. அங்கே நாம் அளப்பது மற்றவருடைய உயரத்தை அன்று. அவர் அருகில் எமது நெஞ்சு எவ்வளவு இளகுகின்றது என்பதையே உணர்கிறோம். தவறாக ஒரு சொல்லைச் சொன்னால் சிரித்துத் திருத்துவாரா, முகம் சுளிப்பாரா? நாம் பேசும்போது கேட்பாரா, தாம் பேசுவதற்காகக் காத்திருப்பாரா? மௌனமாக இருந்தாலும் அந்த மௌனம் பாரமாக இராதா? இவையே அங்கு எழும் கேள்விகள்.

எமது முன்னோர் இதனை நுட்பமாக அறிந்திருந்தனர். அரசரோடு பழகுவோர் குளிர் காய்பவரைப் போல, நெருப்பை விட்டு மிக அகலாமலும் மிக அணுகாமலும் இருத்தல் வேண்டும் என்று வள்ளுவர் அறிவுறுத்துகின்றார். பெரியவர்களின் பெருமையில் ஒரு வெப்பம் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. அதே வள்ளுவர் நட்பைப் பேசும்போது வேறு உவமையை எடுக்கின்றார். படிக்கப் படிக்க நல்ல நூல் இன்பம் தருவதுபோல, பழகப் பழகப் பண்புடையவர் தொடர்பு இன்பம் தரும் என்கின்றார். நூலை யாரும் தள்ளி நின்று படிப்பதில்லை. கையில் எடுத்து, மடியில் வைத்து, மீண்டும் மீண்டும் புரட்டியே படிக்கின்றோம்.

இவ்விடத்தில் தமிழ் கற்றோர் ஒரு தடை எழுப்பலாம். ‘கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினரே, நட்புக்குக் கூடியிருத்தல் வேண்டாம் என்றல்லவா அதற்குப் பொருள்?’ என்பர். நல்ல கேள்விதான். உறையூரில் இருந்த சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்த புலவரும் ஒருவர் புகழை ஒருவர் கேட்டே அன்பு கொண்டனர். ஆனால் அக்கதையின் முடிவை உற்று நோக்குங்கள். சோழன் வடக்கிருந்து உயிர் துறக்கத் துணிந்தபோது, தன் பக்கத்தில் பிசிராந்தையாருக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைக்கும்படி சொன்னான். புலவரும் வந்து சேர்ந்தார். வாழ்நாள் முழுவதும் வியப்பால் வளர்ந்த அன்பும் இறுதியில் கேட்டது அருகில் ஓர் இருக்கையைத்தான். வயது முதிர்ந்தும் நரை காணாதது எவ்வாறு என்று வினவப்பட்டபோது அப்புலவர் கூறிய விடையும் நினைக்கத்தக்கது. தம் மனைவி, மக்கள், ஏவலர், அரசன், தம் ஊரில் வாழும் சான்றோர் ஆகியோரின் நற்பண்புகளையே அவர் காரணமாகக் கூறினார். நாள்தோறும் தம்மைச் சூழ்ந்திருந்தோரின் கூட்டமே அவரை இளமையாக வைத்திருந்தது.

ஔவையாரையும் எண்ணிப் பார்ப்போம். அதியமானுடைய வீரத்தை வியந்து அவர் பாடியவை பல. ஆனால் அவன் இறந்தபின் அவர் பாடிய புறநானூற்றுப் பாடலில் முதலில் வருவன அவன் கொடுத்தும் பகிர்ந்தும் உடன் உண்ட சிறிய நிகழ்ச்சிகளே. உள்ளது சிறிதானால் எமக்கே தந்தான் என்று தொடங்குகின்றது அந்தப் புலம்பல். வியந்தவர் மறைந்தால் புகழ்பாடுகிறோம். கூடியிருந்தவர் மறைந்தால் அழுகிறோம்.

நாம் வாழும் இந்த ஹாலே நகரமே இப்பொருளுக்கு ஒரு பெரிய பாடமாக விளங்குகின்றது. இந்நகரின் சந்தைச் சதுக்கத்தில் 1859ஆம் ஆண்டு முதல் இசைமேதை ஹேண்டலின் சிலை நிற்கின்றது. 1685இல் இங்கு பிறந்தவர் அவர். எமது பிள்ளைகள் அச்சிலையைக் கடந்து எத்தனையோ முறை சென்றிருப்பர். ஹேண்டல் பெரியவர் என்று அவர்களுக்குத் தெரியும். அவருடைய இசையில் ஒரு துண்டையாவது ஆற அமர இருந்து கேட்டவர் எத்தனை பேர்? சிலைக்கு மாலை சூட்டலாம். சிலையோடு உரையாட இயலாது.

சந்தைச் சதுக்கத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் பிராங்கே நிறுவனத்தின் நீண்ட கட்டடங்கள் உள்ளன. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பாடசாலையும் அநாதை இல்லமும் வளர்ந்து ஒரு சிற்றூர் போல ஆயின. தமிழுக்கும் இந்த இடத்துக்கும் உள்ள தொடர்பு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலானது. இங்கு பயின்ற பார்த்தொலோமேயு சீகன்பால்க், டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் அனுப்புதலின்பேரில் 1706ஆம் ஆண்டு யூலை மாதம் தரங்கம்பாடியில் சென்று இறங்கினார். அப்போது அவருக்கு வயது 24 அளவில் இருக்கும். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. தமிழரைப் பற்றி உயர்ந்த எண்ணமும் இல்லை. அவர்கள் நாகரிகம் அற்றவர்கள் என்ற எண்ணத்தோடு தாம் வந்ததைப் பின்னர் அவரே எழுதியுள்ளார்.

அவர் மொழி கற்ற விதம் கவனத்துக்குரியது. வயது முதிர்ந்த தமிழ் வாத்தியார் ஒருவரை வேண்டி, அவருடைய பள்ளியைத் தம் இருப்பிடத்திலேயே நடத்தச் செய்தார். சிறு பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் ‘அ’ எழுதினார். போர்த்துக்கேய மொழியும் வேறு ஐரோப்பிய மொழிகளும் அறிந்த அழகப்பன் என்பவர் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக உதவினார். பின்பு நாள்தோறும் பல மணி நேரம் ஒரு முதிய புலவரைப் பக்கத்தில் இருத்தி ஏடுகளைப் படித்தார். ஈராண்டில், 1708இல், தாம் திரட்டிய நூல்களுக்கு ஒரு பட்டியல் வரைந்தார். அதில் தமிழரின் சமய, இலக்கிய நூல்கள் மட்டும் 119 இடம்பெற்றன. கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை ஜேர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழரின் அறநெறியைக் கண்டு வியந்ததாக எழுதினார். இங்கே வரிசையைக் கவனியுங்கள்: முதலில் கூடியிருந்தார், வியப்பு அதன் பின்னரே வந்தது.

அவர் எமது சமயத்தை மாற்றும் நோக்கோடு சென்றவர் என்பதை நாம் மறக்கவேண்டியதில்லை. அந்த நோக்கத்தை அவர் கைவிடவும் இல்லை. அந்தக் கூட்டுறவு சமமானவர்களின் கூட்டுறவும் அன்று. ஒரு பக்கம் ஆட்சியாளரால் அனுப்பப்பட்டு வந்தவர், மறுபக்கம் ஊதியத்துக்குக் கற்பித்தவர்கள். அப்படியிருந்தும் தரையில் உடன் அமர்ந்த நாள்கள் அவருடைய கண்ணை மாற்றின. 1713இல் அவர் தமிழரின் தெய்வ வரலாறுகளை ஒரு விரிவான நூலாக எழுதி ஹாலேக்கு அனுப்பினார். பிராங்கே அதை அச்சிட இசையவில்லை. அந்நம்பிக்கைகளை வேரறுக்கவே போதகர்களை அனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்பது அவர் கொண்ட நிலை. அந்நூல் அச்சேற 1867 வரை, அதாவது 154 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று, அதுவும் சென்னையில்.

பிராங்கே கல் நெஞ்சரல்லர். கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் தந்த பெருந்தகை, எவரும் வியக்கத்தக்கவர். சீகன்பால்குக்கும் அவருக்கும் சமயக் கொள்கையில் பெரிய வேறுபாடும் இல்லை. வேறுபாடு ஒன்றே. ஒருவர் தமிழரோடு இருந்தார். மற்றவர் தமிழரைப் பற்றிக் கடிதங்களில் படித்தார்.

தமிழரின் பக்கத்தையும் பார்ப்போம். 1712 முதல் 1714 வரை தமிழர் சிலர் போதகர்களின் கேள்விகளுக்கு விடையாக எழுதிய 99 கடிதங்கள் ஜேர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. ஐரோப்பியரின் போதனையில் நல்லவை உண்டு என்பதை ஏற்றுக்கொண்டவர்களும், அவர்களுடைய குடியையும் உணவு முறையையும் தூய்மைக் குறைவையும் சகிக்க இயலாதென வெளிப்படையாகச் சொல்லியுள்ளனர். கருத்தை மதிக்கலாம், ஆனால் பந்தியில் உடன் அமர முடியாது என்பதே அதன் சாரம். வியத்தலும் கூடி மகிழ்தலும் வேறு வேறு என்பதை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எம்மவர் எழுதி, அது இந்த நகரத்திலேயே அச்சிலும் ஏறியிருக்கின்றது!

இரண்டும் ஒருங்கே அமைந்த நட்பும் உண்டு. ஹாலேயில் பயின்று, தமிழையும் இங்கேயே கற்கத் தொடங்கி, 1750இல் தரங்கம்பாடி சென்ற சுவார்ட்ஸ் பாதிரியார் பிற்காலத்தில் தஞ்சாவூரில் வாழ்ந்தார். தஞ்சை மன்னர் துளஜா 1787இல் தாம் தத்தெடுத்த பிள்ளையாகிய சரபோஜியை அவருடைய பாதுகாப்பில் விட்டுச் சென்றார். சரபோஜி கடைசிவரை தம் சமயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும் 1798இல் சுவார்ட்ஸ் மறைந்தபோது ஒரு தந்தையை இழந்தவர்போல் துயருற்றார். அவர் செய்வித்து, சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சின்னம் தஞ்சாவூர்த் தேவாலயத்தில் உள்ளது. அதில் சுவார்ட்ஸ் மேடையில் நின்று போதிப்பவராகக் காட்டப்படவில்லை. படுக்கையில் கிடக்கின்றார், மன்னர் அருகில் நின்று அவர் கையைப் பற்றியிருக்கின்றார். ஒரு பெரியவரை எவ்வாறு நினைவுகூர வேண்டும் என்று அந்த இளம் மன்னருக்குத் தெரிந்திருந்தது.

பெற்றோரே, இனி எமது வீட்டுக்கு வருவோம்.

ஆண்டுதோறும் இவ்விழாவில் தமிழின் தொன்மையைப் பேசுகின்றோம். ஈராயிரம் ஆண்டு இலக்கியம், செம்மொழி, வள்ளுவர், இளங்கோ, பாரதி என அடுக்குகின்றோம். பிள்ளைகளும் கைதட்டுகின்றனர். தமிழ் பெரிய மொழி என்பதை அவர்கள் மறுப்பதே இல்லை. ஹேண்டல் பெரியவர் என்று நம்புவதுபோலவே இதனையும் நம்புகின்றனர். ஆனால் விழா முடிந்து மண்டப வாசலைத் தாண்டியதும், தம்மிடையே அவர்கள் பேசுவது ஜேர்மன் மொழியில். ஏன்? எமது பிள்ளைகளின் தமிழ் வெறுப்பு அதற்குக் காரணமன்று. அவர்களுடைய சிரிப்பும் சண்டையும் இரகசியமும் ஜேர்மன் மொழியில் குடியிருக்கின்றன. தமிழுக்கு நாம் கொடுத்த இடம் இரண்டே. ஒன்று மேடை, மற்றது கட்டளை. ‘எழும்பு, சாப்பிடு, படி, கைபேசியை வை’ என்னும் சொற்களை ஒரு வீட்டில் ஒரு நாளில் எத்தனை முறை சொல்கின்றோம் என்று எண்ணிப் பாருங்கள். புகழுரைக்கும் ஏவலுக்கும் நடுவில், ஓய்வாகப் பேசும் தமிழ் ஒன்று இருக்கின்றதே, அது எங்கே?

வியக்கப்படும் மொழி அருங்காட்சியகத்துக்குப் போகும். இந்நகரின் பிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் மிகுந்த கவனத்தோடு பேணப்படுகின்றன. அந்தப் பணிக்கு நாம் என்றும் நன்றியுடையோம். ஆனால் காப்பகம் காக்கக்கூடியது ஓலையை மட்டுமே. மொழியைக் காப்பது அதனோடு கூடி மகிழும் வாய். அன்று தரங்கம்பாடியில் மணலில் எழுதிய பிள்ளைகள் தமிழின் பெருமையை அறிந்திருக்க மாட்டார்கள்; அவர்களுக்கு அது விளையாடும் மொழி. அவர்களிடமிருந்துதான் ஓர் அந்நியர் அதனைக் கற்றார்.

இதுவே பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் இடையிலும் நிகழ்கின்றது. ‘உங்களுக்காக நாங்கள் எவ்வளவு பாடுபட்டோம் தெரியுமா?’ என்று சொல்லாத அகதிப் பெற்றோர் அரிது. அது உண்மை. போரைக் கடந்து, எல்லைகளைக் கடந்து, இரவு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தோம். பிள்ளைகளும் அதனை அறிவர், எம்மை வியக்கின்றனர். ஆனால் வியப்பைக் கேட்டுக் கேட்டுப் பெறுகின்ற வீட்டில், கூடி மகிழ்தல் மெல்ல மெல்ல விடைபெறுகின்றது. தியாகிக்கு முன்னால் பிள்ளை எதைப் பேசுவது? தன் சிறிய துன்பத்தைச் சொல்ல நாணுகின்றது. பாடசாலையில் எவனோ கேலி செய்ததை, பாடம் விளங்காததை, ஒரு தோழியோடு பிணங்கியதை எமது பெருந்துன்பங்களோடு ஒப்பிட்டுத் தானே விழுங்கிக்கொள்கின்றது. வளர்ந்தபின் கடமை தவறாமல் தொலைபேசி எடுக்கும், ‘சுகமா?’ என்று கேட்கும், இரண்டு நிமிடத்தில் வைத்துவிடும். மதிப்பில் குறைவில்லை, இருப்பதற்குத்தான் மனமில்லை.

வேறு ஒரு பழக்கமும் உண்டு. ‘அந்த வீட்டுப் பிள்ளையைப் பார், எவ்வளவு கெட்டிக்காரன், அவனோடு சேர்’ என்கின்றோம். கெட்டிக்காரனை வியக்கச் சொல்வது சரி. அவனோடு விளையாடி மகிழும்படி ஆணையிட எவராலும் இயலாது. தோழமை ஆணைக்குப் பணிவதில்லை. அதைவிட, நாள்தோறும் ஒப்பிடப்பட்ட பிள்ளை அந்தக் கெட்டிக்காரனை வியப்பதையும் விட்டு வெறுக்கத் தொடங்கும். இரண்டும் கெடும்.

அப்படியாயின் வியப்பே வேண்டாமா? அவ்வாறு நான் கூறவில்லை. கூட்டத்தின் இனிமை மட்டும் வழிகாட்டியாகாது. இனிமையாகப் பேசித் தீய வழியில் இழுப்பவர் எந்த நகரிலும் உண்டு. சிற்றினம் சேராமை என்று ஓர் அதிகாரமே வள்ளுவர் வகுத்தார். எத்திசையில் நடப்பது என்பதை வியப்புக் காட்டும். எவரோடு நடப்பது என்பதைத் தோழமை காட்டும். திசை தெரியாத தோழமை வீண் அலைச்சல். தோழமை இல்லாத திசை நீண்ட தனிவழி. கேட்பதற்குச் சுவையற்றவராயினும் அறிஞர் சொல்லைப் பொறுமையோடு கேட்கத்தான் வேண்டும். அவரை விரும்பவேண்டும் என்பது கட்டாயமில்லை. மதித்துக் கேட்டால் போதும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு இரண்டு சொல். நீங்கள் வியக்கும் ஒருவரோடு இருக்கும்போது உங்களுக்கு மகிழ்ச்சி தோன்றவில்லை என்றால் அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அவரிடம் கற்க வேண்டியதைக் கற்று, வணங்கி விடைபெறுங்கள். மற்றது, உங்களோடு சிரிக்கும் தோழனிடம் வியக்கத்தக்கது எதுவும் இல்லை என்பதற்காக அவனைக் குறைவாக எண்ணாதீர்கள். பரிசும் புள்ளியும் இல்லாதவனிடமும் உங்கள் நெஞ்சை இளகச் செய்யும் ஆற்றல் இருக்கின்றது. அது சிறிய ஆற்றலன்று. உங்கள் அம்மம்மாவுக்கு ஜேர்மன் மொழி தெரியாது, கணினி தெரியாது. ஆனால் அவரோடு அரை மணி நேரம் இருந்து, அவர் சிறுமியாக இருந்தபோது செய்த குறும்பு ஒன்றைச் சொல்லும்படி கேட்டுப் பாருங்கள். பெருமைக் கதைகளை எல்லோரும் கேட்பர். குறும்புக் கதையைக் கேட்பவர் நீங்களாக இருங்கள்.

பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழுக்கு வீட்டில் ஒரு சோம்பலான வேளையைக் கொடுங்கள். நாளுக்கு அரை மணி போதும். அந்த அரை மணியில் பாடம் வேண்டாம், திருத்தம் வேண்டாம், அறிவுரை வேண்டாம். பிள்ளை ‘நான் நேற்று வருவேன்’ என்று சொன்னாலும் விட்டுவிடுங்கள். இலக்கணத்தைச் சனிக்கிழமை நாம் பார்த்துக்கொள்கிறோம். தாயம் விளையாடுங்கள். பிட்டு அவிக்கும்போது மாவைக் குழைக்கப் பிள்ளையை அழையுங்கள். உதைபந்தாட்டத்தைத் தமிழில் பேசிப் பாருங்கள். தமிழால் அதுவும் இயலும். உங்கள் வாழ்வில் நடந்த வேடிக்கை ஒன்றைச் சொல்லுங்கள். நீங்கள் வழுக்கி விழுந்த கதையாயின் இன்னும் நன்று. உங்களைப் பார்த்துப் பிள்ளை சிரிப்பதனால் உங்கள் மதிப்புக் குறையாது. பக்கத்து வீட்டு ஜேர்மன் குடும்பத்தோடும் அவ்வாறே. அவர்கள் நேரம் தவறாமையை நாம் வியக்கின்றோம். எமது பிள்ளைகளின் பணிவை அவர்கள் வியக்கின்றனர். படிக்கட்டில் சொல்லும் காலை வணக்கத்தோடு அது நின்றுவிடுகின்றது. ஒரு நாள் தேநீருக்கு அழையுங்கள். முந்நூறு ஆண்டு நீண்ட தொடர்பில், கடிதங்களால் விளையாததை ஒரே பாயில் உடன் இருந்ததே விளைவித்தது.

ஆசிரியர்களாகிய எமக்கும் இதில் பங்குண்டு. வாரத்தில் ஒரு நாள், ஓய்வு நாளின் உறக்கத்தை விட்டு வரும் பிள்ளைக்கு, தமிழைப் பற்றி வியக்க ஒன்றும், தமிழில் சிரிக்க ஒன்றும் தந்தனுப்புவது எமது கடன். முதலாவதை மறந்தாலும் பாதகமில்லை. பிள்ளை பிறகு தானே கண்டுகொள்ளும். இரண்டாவதை மறந்தால் அடுத்த வாரம் அதன் கதிரை வெறுமையாகும்.

இவ்விழாவில் மேடையேறும் பிள்ளைகளை வாயார வாழ்த்துவோம். அவர்களுடைய திறமையைக் கண்டு வியப்போம். நிகழ்ச்சி முடிந்தபின் அவர்கள் அருகில் போய் அமர்ந்து, நாம் பேசுவதைக் குறைத்து, அவர்கள் பேசுவதைக் கேட்போம். தமிழ் அந்த இடத்தில்தான் வாழும்.

வாழ்க எம் செல்வங்கள்! வளர்க எம் கூட்டுறவு!